அறுநூற்று ஐம்பத்தெட்டு எழுத்துகள்

நுழையும்முன்

ஓர் உயிரை அறிவதற்கு முதற்படி அதன் பெயரை அறிதல். கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் இரு பூச்சிகள் வெவ்வேறு இனங்களாக இருத்தல் கூடும். முற்றிலும் வேறாகத் தோன்றும் புழுவும் அந்துப்பூச்சியும் ஒரே இனமாக இருத்தலும் கூடும். காட்டைக் கணக்கெடுக்கும் ஆய்வாளருக்கும் வயலைக் காக்கும் உழவருக்கும் இம்மயக்கம் பெருந்தடை. அதைத் தீர்க்க உதவும் டி.என்.ஏ. பட்டைக்குறியீடு என்னும் முறை இப்பாடத்தில் விளக்கப்படுகிறது.

மலையடிவாரத்தில்

தென்காசி மாவட்டத்தின் வடபகுதியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் சிவகிரி. ஊருக்கு மேற்கே எழும் மலைத்தொகுதியில்தான் கேரளத்தை நோக்கிப் பாயும் பெரியாறு தோன்றுகிறது. கிழக்குச் சரிவில் இறங்கும் ஓடைகள் குளங்களை நிரப்புகின்றன. குளத்துப் பாசனத்தில் நெல்லும் கரும்பும், தோப்புகளில் தென்னையும் எலுமிச்சையும் விளைகின்றன. இன்னும் கிழக்கே சங்கரன்கோவில் பக்கம் சென்றால் மானாவாரி நிலங்களில் மக்காச்சோளமும் பருத்தியும் பயறுவகைகளும் தென்படும். உச்சியில் பசுமைமாறாக் காடு, இடையில் இலையுதிர் காடு, அடியில் முட்புதர், அதன் பின் நஞ்சை, புஞ்சை என ஒருநாள் நடைத்தொலைவுக்குள் இத்தனை வாழிடங்கள் அடுக்கப்பட்டிருத்தல் அரிது. ஒவ்வொன்றிலும் வாழும் பூச்சிக்கூட்டம் வேறு.

மழை பெய்து ஓய்ந்த மாலைப்பொழுதில் இவ்வட்டாரத்துத் தெருவிளக்கு ஒன்றின் கீழ் நின்றால், பூச்சியுலகின் பெருக்கம் விளங்கும். ஈசலும் விட்டிலும் வண்டும் சிற்றந்தும் கண்ணுக்கே புலப்படாத சிறு ஈக்களும் ஒளியை மொய்க்கும். அவற்றுள் எத்தனை இனங்கள் உள்ளன என்று கேட்டால், தேர்ந்த பூச்சியியல் அறிஞரும் உடனே விடைகூறத் தயங்குவார்.

தமிழ் மரபு உயிர்களைக் கூர்ந்து நோக்கிய மரபு. தொல்காப்பிய மரபியல் புலனறிவின் அடிப்படையில் உயிர்களை வகுத்து, கறையானையும் எறும்பையும் மூவறிவுயிர் என்றும், தும்பியை நாலறிவுயிர் என்றும் கூறுகிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களைப் பெயர்சொல்லி அடுக்குகிறார். மலருக்கு வாய்த்த இப்பெயர்வளம் பூச்சிக்கு வாய்க்கவில்லை. ‘வண்டு’ என்னும் ஒரு சொல் ஆயிரக்கணக்கான இனங்களைத் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. 2019இல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவிக்கப்பட்ட ‘தமிழ் மறவன்’ போல அழகிய பெயர் பெற்றவை மிகச் சிலவே.

உலகில் இதுவரை அறிவியல் பெயர் பெற்ற பூச்சியினங்கள் ஏறத்தாழ 10 இலட்சம். உண்மையில் வாழ்பவை 55 இலட்சம் அளவில் இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை 2024இல் வெளியிட்ட நாட்டின் விலங்கினப் பட்டியலில் 1,04,561 இனங்கள் இடம்பெற்றன. அவற்றுள் பெரும்பகுதி பூச்சிகளே. பெயரிடப்படாதவை அப்பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. இவற்றை அறியுமுன்பே இழந்துவிடும் நிலையும் உண்டு. ஜெர்மனியில் 63 இயற்கைக் காப்பிடங்களில் 1989 முதல் 2016 வரை பொறிவைத்துப் பிடித்த பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை, 27 ஆண்டுகளில் நான்கில் மூன்று பங்குக்குமேல் குறைந்தது. எடை குறைந்ததை அந்த ஆய்வு காட்டியது. எந்தெந்த இனங்கள் குறைந்தன என்பதை எடை காட்டாது. அதற்கு ஒவ்வொரு பூச்சியையும் இனங்காண வேண்டும்.

தோற்றத்தின் மயக்கம்

சிவகிரிக்குத் தெற்கேயுள்ள புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர்பெற்ற ஊர். எலுமிச்சையின் தளிரில் சில வேளைகளில் பறவையின் எச்சம் ஒட்டியிருப்பதுபோல் ஒன்று காணப்படும். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம்புழு. பறவைக்குத் தப்பவே அவ்வேடம். வளர்ந்ததும் அதே புழு இலையின் பச்சை நிறம் கொள்ளும். பின்னர்க் கூட்டுப்புழுவாகி, கருமையும் மஞ்சளும் கலந்த சிறகுகளோடு பறக்கும். மூன்று தோற்றங்களையும் ஒரே பூச்சி என்று சொல்ல முடிவதற்குக் காரணம், யாரோ ஒருவர் அதை முட்டையிலிருந்து வளர்த்துப் பார்த்தமையே. பெரும்பாலான காட்டுப்பூச்சிகளை எவரும் அவ்வாறு வளர்த்துப் பார்த்ததில்லை. ஆகவே கணக்கெடுப்பில் கிடைக்கும் புழுக்களும் இளம்பூச்சிகளும் பெயரற்றவையாக ஒதுக்கிவைக்கப்படுவது வழக்கமாயிற்று.

இம்மயக்கம் வயலுக்குள் நுழையும்போது விலை கொடுக்க வேண்டியவர் உழவர். 2018ஆம் ஆண்டு மே மாதம் கருநாடகத்தின் சிவமொக்கா பகுதியில், மக்காச்சோளக் குருத்துகளை ஒரு புழு துளைத்துத் தின்பது கண்டறியப்பட்டது. குருத்துக்குள் மரத்தூள்போல் எச்சம் குவிந்துகிடந்தது. முதிர்ந்த புழுவாயின் அதன் தலையில் கவிழ்த்த கவட்டைபோன்ற வெளிர்கோடும், வயிற்றின் எட்டாம் கண்டத்தில் சதுரமாய் அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் அடையாளமாகும். இளம்புழுவில் இவை தெளிவாகத் தெரிவதில்லை. நம் நாட்டில் முன்பே இருந்த வெட்டுப்புழுவோடு அதை எளிதில் குழப்பிக்கொள்ளலாம். ஆய்வாளர்கள் உடலமைப்பை நுணுகி ஆராய்ந்ததோடு டி.என்.ஏ.வையும் படித்தனர். இரண்டும் ஒரே விடையைத் தந்தன: அமெரிக்கக் கண்டத்தைத் தாயகமாகக் கொண்டு, 2016இல் ஆப்பிரிக்காவில் கால்வைத்த படைப்புழு, இந்தியாவுக்குள் வந்துவிட்டது. அவ்வாண்டிலேயே தமிழகத்து மக்காச்சோள வயல்களிலும் அது பரவியது.

பெயர் தெரிந்ததால் என்ன பயன் என்று கேட்கலாம். பெயர் தெரிந்தால் அப்பூச்சியைப் பற்றி உலகம் அதுவரை அறிந்த அனைத்தும் கைக்கு வரும். எவ்வளவு தொலைவு பறக்கும், எந்த இனக்கவர்ச்சிப் பொறியில் விழும், எந்த ஒட்டுண்ணி அதன் முட்டையை அழிக்கும் என்பன எல்லாம் பெயரின்கீழ்த் தொகுக்கப்பட்டுள்ளன. 2008இல் கோயம்புத்தூரில் முதலில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி இதற்கு முன்னோடிச் சான்று. அதன் சரியான பெயர் அறியப்பட்டதனால்தான், 2010இல் போர்ட்டோரிக்கோவிலிருந்து அதற்கே உரிய ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்துத் தோட்டங்களில் விடமுடிந்தது. பெயர் தவறியிருந்தால் குளவியும் தவறியிருக்கும்.

எழுத்துகளைப் படித்தல்

ஒவ்வோர் உயிரணுவிலும் உள்ள டி.என்.ஏ., நான்கு வேதிப்பொருள்களை எழுத்துகளாகக் கொண்டு எழுதப்பட்ட நீண்ட ஏடு எனலாம். அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்பன அந்நான்கு. ஏடு முழுவதையும் படித்தால் இனம் விளங்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு பூச்சிக்கும் அவ்வாறு செய்வதற்குக் காலமும் பொருளும் இடந்தரா. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹெபர்ட்டும் அவர்தம் குழுவினரும் 2003இல் ஓர் எளிய வழியை முன்வைத்தனர். எல்லா விலங்கிலும் உள்ள ஒரே மரபணுவின் ஒரே சிறுபகுதியை மட்டும் படித்தால் போதும் என்றனர். கடைப்பொருளின் மேல் அச்சிட்ட கருங்கோடுகள் பொருளைக் காட்டிக்கொடுப்பதுபோல அச்சிறுபகுதி இனத்தைக் காட்டிக்கொடுக்கும். ‘பட்டைக்குறியீடு’ என்னும் பெயர் அந்த உவமையிலிருந்து வந்தது.

அவர்கள் தேர்ந்த பகுதி, உயிரணுவின் ஆற்றல்நிலையமாகிய மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் மரபணுவின் 658 எழுத்துகள். இத்தேர்வுக்குக் காரணங்கள் உண்டு. ஓர் உயிரணுவில் மைட்டோகாண்ட்ரியாக்கள் பல இருப்பதால், உலர்ந்த ஒரு காலிலிருந்தும் இம்மரபணுவைப் பெறலாம். மூச்சுக்கு இன்றியமையாத புரதத்தை உருவாக்கும் பணியில் இருப்பதால் எல்லா விலங்குகளிலும் இது காணப்படுகிறது. அதேவேளையில் சில எழுத்துகள் விரைவாக மாறிக்கொண்டே இருப்பதால், நெருங்கிய இனங்களுக்கிடையேயும் வேறுபாடு தோன்றிவிடுகிறது.

வேறுபாடு எவ்வளவு இருந்தால் வேறினம்? ஓலைச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் பணியை இங்கு நினைத்துப் பார்க்கலாம். ஒரே நூலின் பல படிகளில், ஏடெழுதுவோர் கைப்பிழையால் ஆங்காங்கே ஓரிரு எழுத்துகள் மாறியிருக்கும். அவை பாடவேறுபாடுகள், அவற்றால் நூல் வேறாகிவிடாது. ஆனால் வரிக்கு வரி எழுத்துகள் வேறுபட்டால் கையிலிருப்பது வேறு நூல் என்று பதிப்பாசிரியர் உணர்வார். பூச்சிகளிலும் அவ்வாறே. ஒரே இனத்துப் பூச்சிகளுக்கிடையே பெரும்பாலும் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான வேறுபாடே இருக்கும். இரண்டு, மூன்று விழுக்காட்டைக் கடந்தால், அதாவது 658இல் ஏறத்தாழ 13 எழுத்துகளுக்குமேல் மாறினால், வேறினமோ என்னும் ஐயம் எழ வேண்டும். இது கைகாட்டி மட்டுமே, சட்டம் அன்று.

செய்முறையும் கடினமானதன்று. பூச்சியின் ஒரு கால் எடுக்கப்படும். உடல் முழுமையாகக் காக்கப்படும். பின்னர் எவரேனும் ஐயுற்றால் எடுத்துப்பார்க்க அதுவே சான்று மாதிரி. காலிலிருந்து டி.என்.ஏ. பிரிக்கப்பட்டு, பாலிமரேஸ் தொடர்வினையால் பெருக்கப்படும். கலவையைச் சூடாக்கினால் இரட்டை இழை பிரியும். குளிர்வித்தால் தேவையான பகுதியின் இரு முனைகளிலும் தொடக்கத் துணுக்குகள் ஒட்டிக்கொள்ளும். மீண்டும் சூடேற்றினால் நொதி புதிய இழையைக் கட்டும். ஒவ்வொரு சுற்றிலும் படிகள் இரட்டிப்பதால், 30 சுற்றுகளில் ஒரு படி 100 கோடிக்கும் மேற்பட்ட படிகளாகலாம். பின்னர் எழுத்துகளின் வரிசை கருவியால் படிக்கப்பட்டு, உலகளாவிய பட்டைக்குறியீட்டுத் தரவகத்தில் உள்ள வரிசைகளோடு ஒப்பிடப்படும். முன்பு பெரிய ஆய்வகங்களில் மட்டுமே இயன்ற இப்படிப்பு, இன்று உள்ளங்கையில் அடங்கும் நானோபோர் கருவியாலும் இயல்கிறது.

தெரிந்து தெளிவோம்

பூச்சிக் கணக்கெடுப்பில் உலகெங்கும் பயன்படும் கூடாரப்பொறியை உருவாக்கியவர் சுவீடன் நாட்டுப் பூச்சியியல் அறிஞர் ரெனே மலேஸ். பயணத்தில் தம் கூடாரத்துக்குள் நுழைந்த பூச்சிகள் வெளியேற வழிதேடி, மேல்மூலையை நோக்கியே ஏறுவதை அவர் கவனித்தார். அம்மூலையில் ஒரு குப்பியை வைத்தால் என்ன என்று எண்ணினார். 1934இல் பர்மாவில் அப்பொறியைக் கொண்டு ஏராளமான பூச்சிகளைத் திரட்டினார்.

ஒரு பெயருக்குள் பல உயிர்

இம்முறையின் ஆற்றலை உலகுக்கு உணர்த்திய ஆய்வு 2004இல் வெளியானது. 1775இலேயே விவரிக்கப்பட்ட ஒரு வண்ணத்துப்பூச்சியினம், நடு அமெரிக்காவின் கோஸ்டாரிக்காவில் பரவலாகக் காணப்படுவது. அதன் புழுக்களை 25 ஆண்டுகள் வளர்த்துவந்த ஆய்வாளர்கள், அவை வெவ்வேறு செடிகளைத் தின்பதையும் வெவ்வேறு நிறங்கொண்டிருப்பதையும் கண்டிருந்தனர். பறக்கும் பருவத்திலோ எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. பட்டைக்குறியீட்டைப் படித்ததும், ஒரே பெயரின்கீழ்க் குறைந்தது பத்து இனங்கள் மறைந்திருப்பதாக அவர்கள் அறிவித்தனர். பத்து என்னும் எண்ணிக்கை மிகுதி என்று பின்னர் மறுத்தோரும் உண்டு. ஒன்றுக்கு மேற்பட்டவை என்பதை அவர்களும் மறுக்கவில்லை.

இத்தகைய மறை இனங்களால் விளையும் இடர் தமிழகத்துக்குப் புதிதன்று. மலேரியாவைப் பரப்பும் அனோபிலஸ் குலிசிஃபேசிஸ் என்னும் கொசு ஒரே இனமன்று. ஏ, பி, சி, டி, இ எனக் குறிக்கப்படும் ஐந்து உடன்பிறப்பினங்களின் தொகுதி. இவற்றைப் புறத்தோற்றத்தால் பிரித்தறிய இயலாது. இவற்றுள் ‘பி’ மலேரியாவைப் பரப்புவதில் மிக வலுவற்றது. ‘இ’ இனம் இராமேசுவரம் தீவில் கண்டறியப்பட்டது; அங்கு ‘பி’யும் உடன்வாழ, நோயைப் பரப்பும் வேலையை ‘இ’ செய்துகொண்டிருந்தது. குரோமோசோம்களைக் கொண்டு முதலில் செய்யப்பட்ட இப்பகுப்பைப் பின்னர் டி.என்.ஏ. சோதனைகள் எளிதாக்கின. கொசுக்களின் தொகையை மட்டும் எண்ணுபவர் இவ்வேறுபாட்டைக் காணார். நோயற்ற கொசுவைத் துரத்தி நோய்க்கொசுவை விட்டுவிடும் தவறு அங்கே நேரலாம்.

புதுச்சேரியில் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தின் அறிவியலாளர்கள், இந்தியக் கொசுக்கள் 63 இனங்களின் பட்டைக்குறியீடுகளைப் படித்து 2007இல் முடிவுகளை வெளியிட்டனர். 62 இனங்களை எழுத்துகள் சரியாகவே காட்டின. பரங்கிப்பேட்டையின் போர்த்துக்கீசியப் பெயரைத் தாங்கிய ஒரு கொசுவையும் அதன் நெருங்கிய உறவினத்தையும் மட்டும் பிரித்துக்காட்ட அவற்றால் இயலவில்லை. பழைய முறையில், உடற்கூறு கண்டு அவை பிரித்தறியப்பட்டன. ஏறத்தாழ 98 விழுக்காட்டு வெற்றி என்பது சிறிதன்று. எஞ்சிய அந்த ஓர் இணையும் மறக்கத்தக்கதன்று.

காட்டைக் கணக்கெடுத்தல்

சிவகிரி போன்ற மலையடிவாரத்தில் ஒரு கூடாரப்பொறியைச் சில வாரங்கள் நிறுத்திவைத்தால், குப்பியில் சேரும் பூச்சிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். குப்பியில் ஊற்றப்படும் நீர்மம் செறிந்த சாராயமாக இருத்தல் வேண்டும். பழங்காலத்து அருங்காட்சியக வழக்கமாகிய ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். விளக்குப்பொறி, மஞ்சள் ஒட்டுப்பொறி, தரைமட்டத்தில் புதைக்கப்படும் குழிப்பொறி ஆகியனவும் தேவைக்கேற்பப் பயன்படும். எறும்பு கூடாரத்தில் ஏறாது. தும்பி குழியில் விழாது.

குப்பியில் சேர்ந்தவற்றை ஒவ்வொன்றாகப் பெயரிடுவது ஆண்டுக்கணக்கில் நீளும் வேலை. எனவே கலவை முழுவதிலிருந்தும் டி.என்.ஏ.வைப் பிரித்து, அதிலுள்ள பட்டைக்குறியீடுகள் அனைத்தையும் ஒரே நேரத்தில் படிக்கும் தொகைமுறை வளர்ந்துள்ளது. இம்முறையால் எந்தெந்த இனங்கள் உள்ளன என்பது தெரியவரும். ஒவ்வோர் இனத்திலும் எத்தனை பூச்சிகள் என்பது துல்லியமாகத் தெரியாது. ஒரு பெரிய வண்டின் டி.என்.ஏ. நூறு சிற்றீக்களின் குரலை அமுக்கிவிடக்கூடும். எனினும் ஒரு காட்டையும் அதை ஒட்டிய தோப்பையும் ஒப்பிடவோ, ஆண்டுக்காண்டு மாற்றத்தைக் காணவோ இதைவிட விரைவான வழி தற்போது இல்லை. காப்புக்காட்டில் வனத்துறையின் இசைவின்றி ஒரு பூச்சியையும் பிடிக்கலாகாது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டமும், அச்சட்டப்படி சென்னையில் இயங்கும் தேசியப் பல்லுயிரிய ஆணையமும் இத்தகைய உயிர்வளங்களின் பயன்பாட்டை முறைப்படுத்துகின்றன.

மேற்குத் தொடர்ச்சி மலை இன்னும் முழுதாகப் படிக்கப்படாத ஏடு என்பதற்கு அகத்தியமலைப் பகுதியில் அண்மையில் கண்டறியப்பட்ட ஊசித்தும்பி சான்று. அது முன்பே அறியப்பட்ட ஓர் இனத்தை மிகவும் ஒத்திருந்தது. உடலுறுப்புகளின் நுண்ணமைப்பில் கண்ட வேறுபாட்டோடு, பட்டைக்குறியீட்டு மரபணுவில் 7 விழுக்காட்டுக்குமேல் வேறுபாடு காணப்பட்டது. அகத்தியமலையின் பெயராலேயே அது புதிய இனமாக விவரிக்கப்பட்டது.

எழுத்து மட்டும் போதுமா?

ஒரு வரிசையைத் தரவகத்தில் தேடும்போது, அவ்வினம் முன்பே அங்குப் பதிவாகியிருந்தால்தான் பெயர் கிடைக்கும். அகராதியில் இல்லாத சொல்லுக்குப் பொருள்காண இயலாததுபோன்ற நிலை இது. வெப்பமண்டலப் பூச்சிகளுள் பெரும்பாலானவை இன்னும் அவ்வகராதியில் ஏறவில்லை. தவறாகப் பெயரிடப்பட்ட பூச்சியின் வரிசை உள்ளே புகுந்துவிட்டால், அத்தவறு அடுத்தடுத்த ஆய்வுகளுக்கும் பரவும். பூச்சியின் உடலுக்குள் வாழ்ந்து தாய்வழியாகவே கடத்தப்படும் ஒல்பாக்கியா என்னும் பாக்டீரியா, மைட்டோகாண்ட்ரிய வரலாற்றையே திரித்துக்காட்டவும் வல்லது.

மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருவது. ஆகவே இவ்வெழுத்துகள் தாய்வழிக் கதையை மட்டும் சொல்கின்றன. மக்காச்சோளப் படைப்புழுவின் வரலாற்றில் இது பெரிய புதிரை விளைவித்தது. அமெரிக்கக் கண்டத்தில் இப்புழுவுக்கு இரு கிளைகள் உண்டு. ஒன்று மக்காச்சோளத்தை விரும்புவது; மற்றொன்று நெல்லையும் புல்வகைகளையும் விரும்புவது. தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. பட்டைக்குறியீட்டுப் பகுதியில் வேறு. இந்தியாவில் மக்காச்சோளத்தில் பிடித்த புழுக்களின் எழுத்துகளைப் படித்தபோது, பலவற்றில் நெற்கிளையின் குறி தென்பட்டது. நெல் விளையும் நாட்டில் இது எத்தகைய அச்சத்தை எழுப்பும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. அடுத்து உட்கருவிலுள்ள மற்றொரு மரபணுவைப் படித்தனர். அது மக்காச்சோளக் கிளையின் குறியைக் காட்டியது. தாய்வழி ஒரு கிளையும் உட்கரு வழியே மறுகிளையும் கலந்த கலப்புக் கால்வழி இங்கு வந்திருப்பதாக ஆய்வாளர்கள் விளக்கினர். இந்தியாவில் அப்புழு பெருஞ்சேதம் விளைவித்ததும் மக்காச்சோளத்திலேயே. ஒரு மரபணுவை மட்டும் நம்பியிருந்தால் எச்சரிக்கை தவறான வயலுக்குச் சென்றிருக்கும்.

பூச்சி வகைப்பாட்டியல் அறிஞர்களின் தேவை இங்குப் புலனாகிறது. 2016இல் பொள்ளாச்சிப் பகுதித் தென்னந்தோப்புகளில் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ காணப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வேறு அயல்நாட்டு வெள்ளை ஈக்களும் தென்னிந்தியத் தென்னைகளில் வந்தமர்ந்தன. ஓலையின் அடியில் வெண்பொடி, கீழ் ஓலையில் கரும்பூஞ்சணம் என்று தோப்புக்காரர் கண்ணுக்கு எல்லாம் ஒன்றே. ஒன்றை அடக்கும் சிறுகுளவி மற்றொன்றை அடக்கும் என்பது உறுதியில்லை. வெள்ளை ஈக்களைப் பறக்கும் பருவத்தில் இனங்காண்பது கடினம். கூட்டுப்பருவத்தின் வெற்றுத்தோலை நுண்ணோக்கியின்கீழ் வைத்து, அதிலுள்ள துளைகளையும் மயிர்களையும் எண்ணியே வகைப்பாட்டியலார் பெயர்கூறுவர். அவ்வாறு பெயர்பெற்ற மாதிரியின் டி.என்.ஏ. படிக்கப்பட்டுத் தரவகத்தில் ஏறிய பின்னரே, அடுத்தமுறை ஒரு சிறகிலிருந்தோ முட்டையிலிருந்தோ பெயரை அறிய முடிகிறது. நுண்ணோக்கியில் கண்பதித்து ஒரே பூச்சிக்குடும்பத்தைப் படிப்பதில் வாழ்நாளைச் செலவிடும் அறிஞர்கள் உலகெங்கும் அருகிவருகின்றனர். கருவிகளின் விலை ஆண்டுதோறும் இறங்குகிறது. அவர்களுள் ஒருவர் உருவாக இருபது ஆண்டுகள் தேவைப்படுகின்றன.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் வழங்கும் பூச்சிப் பெயர்களை முதியோரிடமும் உழவரிடமும் கேட்டுத் தொகுக்க. ஒரே பெயரால் பல பூச்சிகள் அழைக்கப்படும் இடங்களையும், ஒரே பூச்சிக்குப் பல பெயர்கள் வழங்கும் இடங்களையும் தனித்தனியே குறிக்க.

எலுமிச்சை அல்லது கறிவேப்பிலைச் செடியில் காணும் புழு ஒன்றை, அது சிறகு பெறும்வரை தொட்டுத் துன்புறுத்தாமல் நாள்தோறும் நோக்கிக் குறிப்பேடு எழுதுக.

‘ஒரு மரபணுவின் எழுத்துகள் ஓர் இனத்தைத் தீர்மானிக்கப் போதுமா?’ என்னும் பொருளில், பாடத்தில் வரும் கொசு, படைப்புழு ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.